வேலைக்காரி வெளியே போகவில்லை

அத்தியாயம் 14

“அக்கா, ஒரே வார்த்தை. ‘எனக்கு ஒண்ணும் தெரியாது.’ அதுக்கு மேல உன் வாயிலேருந்து ஒரு எழுத்து வரக் கூடாது. சரியா?”

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே தம்பி சொன்னான். நேற்று சாயங்காலத்திலிருந்து இதே பாட்டுத்தான். சாப்பிடும்போது சொன்னான், பல் தேய்க்கும்போது நுரையோடு சொன்னான், இப்போது ஷூவைப் பார்த்துச் சொல்கிறான்.

அவனுடைய அக்காதான் நம் அத்தை. டீயில் சர்க்கரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, இன்னொரு ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் வைத்தால் பாகு.

போன வாரம் வக்கீலை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்தோம், ஞாபகம் இருக்கிறதல்லவா? புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. தம்பியின் மகள். வயசு பதினேழு. மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருஷம், எடுத்திருப்பது ஆங்கில இலக்கியம். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பண்ணியதால் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வக்கீல், பாடமாக வைத்திருக்கும் ஒரு பழைய ஆங்கில நாடகத்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினாள். கடைசி மார்க்கில் சேருகிற கட்டுரை. அதைப் படித்த இலக்கியத் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இந்தக் கருத்து எந்த கைடிலயும் இல்லையே, எங்கேருந்து காப்பியடிச்சே?” என்று கேட்டார். எந்த கைடிலும் இல்லாததை எங்கிருந்தய்யா காப்பியடிப்பது என்று நீங்களும் நானும் கேட்போம். அவர் அப்படி யோசிக்கவில்லை. “இது உன் சொந்த யோசனைதானா?” என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

பதினேழு வருஷமாக வாதாடியே வளர்ந்த பெண், வாதாட வேண்டிய ஒரே இடத்தில் போய் உண்மையைச் சொல்லித் தொலைத்தது. “இல்ல சார். முதல்ல எங்க அத்தைக்குத்தான் தோணிச்சு.”

போதாதா? ‘வேறொருவர் உதவியோடு எழுதியது’ என்று ஆகிவிட்டது. அத்தையை அழைத்துக்கொண்டு வா என்று உத்தரவு. காப்பிதான் என்று முடிவானால் கட்டுரைக்குப் பூஜ்யம், இலக்கிய வகுப்பிலிருந்தும் வெளியே.

வெளியே போனால் போகட்டும் என்று விடுகிற ஆளும் இல்லை தம்பி. “கதை படிச்சு யாருக்கு வேலை கிடைச்சிருக்கு?” என்று ஆரம்பத்திலேயே குதித்தவன். ஒரே ஒரு புகார் வந்தாலும் மறுநாளே கணக்குப் பதிவியலுக்கு மாற்றிவிடுவேன் என்ற நிபந்தனையோடுதான் சேர்த்தான். “நான் பொறுப்புடா” என்று ஜாமீன் நின்றவள் அத்தை.

ஆக, இன்றைக்கு நிலைமை இதுதான். ‘ஆமா, நான்தான் சொன்னேன்’ என்றால் கட்டுரை போச்சு. ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்றால் பிள்ளை பொய் சொன்னதாக ஆகிவிடும். இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி.

“என்னக்கா, காதுல விழுந்துதா?”

“விழுந்துது, விழுந்துது. நீ கெளம்பு. எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு உன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டிருப்பான்.”

தம்பி முறைத்தான். தம்பிக்கு நாற்பத்தைந்து வயசு. ஊரில் பாதி லிஃப்ட்டுக்கு அவன்தான் மெக்கானிக். இருந்தாலும் அத்தை பேச ஆரம்பித்தால் அவன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிதான் முறைப்பான்.

“விளையாட்டு இல்லக்கா. நீ ஜாமீன் நின்னே. இன்னிக்கு நீ உளறினா, அவ நாளைக்கே வகுப்பு மாறணும். நான் சொன்ன சொல் சொல்தான்.”

அவன் போன பிறகு அத்தை பாகை சிங்க்கில் கொட்டினாள். அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது இது ஒன்று மட்டுமில்லை. முந்தின நாள் சாயங்காலம் க்ளினிக்கில் கேட்டதும் கூடவே கிடந்து உறுத்தியது.

அத்தை ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட். வருஷக்கணக்காக அதே மேஜை, அதே டெலிஃபோன். நேற்று அலமாரிப் பக்கம் குனிந்து பழைய கார்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, டாக்டரும் க்ளினிக்கில் கூட்டாளியான அவருடைய மச்சானும் உள்ளே வந்து பேச ஆரம்பித்தார்கள். கருவிகளைச் சுத்தம் பண்ணுகிற ஸ்டெரிலைசர் மெஷின் கெட்டுப்போய் ரெண்டு வாரமாகிறதாம். வெறும் ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் ஒருத்தர் வாயிலிருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகிறதாம். “புதுசு வர்ற வரைக்கும் யார் காதுக்கும் போக வேண்டாம்” என்றார் டாக்டர். அத்தை ஒரு கை தூரத்தில் நிற்கிறாள். அவர்கள் கண்ணில் அவளும் ஒன்று, அலமாரியும் ஒன்று.

யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலில் பிள்ளை விஷயம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அதைத் தள்ளிவைத்தாள். காலையில் லீவு என்று டாக்டருக்கு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பிவிட்டு, நல்ல செருப்பைத் தேடி எடுத்தாள்.

*

பள்ளிக்கூட வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கான உயரம். உட்கார்ந்தால் முழங்கால் மூக்குக்கு வந்தது. எதிரே கண்ணாடி அலமாரியில் கோப்பைகள். எல்லாமே ஓட்டப்பந்தயத்துக்கும் கூடைப்பந்துக்கும் வாங்கியவை. படித்ததற்கு ஒன்றுகூடக் கிடையாது போலிருக்கிறது என்று அத்தை நினைத்தாள்.

வக்கீல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“கையை எடு.”

எடுத்தாள். மறுநிமிஷம் வேறு விரல் வாய்க்குப் போனது.

“ஏண்டி, உனக்கு என்ன கேடு? ‘ஆமா சார், என் யோசனைதான்’னு சொல்லிட்டு வந்திருந்தா, நான் இங்க வந்து குந்தியிருப்பேனா?”

“கேட்டாரு, சொன்னேன்.”

“ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுவே. அங்க போய் அரிச்சந்திரன் வேஷம்!”

வக்கீல் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே அந்தப் பெண் சொன்னாள்.

“அத்தை, அப்பா உங்ககிட்ட என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். நீங்க அப்படிச் சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நான் பொய் சொல்லலை. அது உங்களுக்குத் தெரியும்ல? அது போதும்.”

இப்படி ஒரு பிள்ளை ‘அது போதும்’ என்று சொன்னால் ஒரு மனுஷி என்னதான் பண்ணுவாள்? அத்தை கைப்பையைத் திறந்து, தேடுவதற்கு ஒன்றுமில்லாமலேயே எதையோ தேடினாள். கண்ணில் வந்தது அதற்குள் உள்ளே போய்விட்டது. பைக்குள் ஃபோன் நடுங்கியது. திரையில் ‘டாக்டர்’. அத்தை அதைக் கவிழ்த்து வைத்தாள்.

கதவு திறந்தது. இலக்கிய வகுப்பு எடுக்கிற மிஸ் எட்டிப்பார்த்தாள். சின்ன வயசுக்காரி. வக்கீலின் கட்டுரைக்கு முதலில் மார்க்கை வாரிக்கொடுத்தவள் அவள்தான். இப்போது அந்த மார்க்குக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிய நிலைமை. முகம் வெளிறியிருந்தது.

“வாங்கம்மா. சார் வந்துட்டாரு.”

*

அறை முழுக்கப் புத்தகம். ஜன்னல் விளிம்பில் புத்தகம், நாற்காலியில் புத்தகம், டீ கெட்டில் வைத்திருந்த ஸ்டூலுக்கு ஆட்டம் நிற்க ஒரு காலுக்கு அடியிலும் புத்தகம். துறைத் தலைவர் எழுந்து நின்று, ஒரு நாற்காலியைக் காலிபண்ணிக் கொடுத்தார். தடித்த கண்ணாடி, மரியாதையான குரல். கெட்ட மனுஷராகத் தெரியவில்லை. அதுவே அத்தைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வில்லன் மாதிரி இருந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பாள்.

“உட்காருங்க. நான் சுத்தி வளைக்கலை. இந்த நாடகத்தை இருபது வருஷமா நடத்துறேன். ஒரு எஞ்சினீயர் பாலம் கட்டுறான். இரும்புல விரிசல் இருக்குன்னு தெரிஞ்சும் மறைக்கிறான். ரெண்டாவது அங்கத்துல, வீட்டு ஹால்ல, பொண்டாட்டிகிட்ட மட்டும் அதைச் சொல்றான். மறுநாள் காலைல ஊரே வாசலுக்கு வந்துடுது. பாலம் திறக்கலை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனா அவன் ‘நீதான் காட்டிக்குடுத்தே’ன்னு பொண்டாட்டியை வீட்டைவிட்டே துரத்துறான். இதுதானே கதை?”

“ஆமாங்க.”

“அவ செஞ்சது சரியா தப்பான்னுதான் இத்தனை வருஷமா பிள்ளைங்க எழுதுது. கைடுலயும் அதுதான். உங்க மருமக என்ன எழுதியிருக்கா? பொண்டாட்டி சொல்லவே இல்லையாம். வேலைக்காரி சொன்னாளாம். மொத்தம் மூணு வரி பேசுற வேலைக்காரி!” கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டா, அத்தைக்குத் தோணிச்சுங்கறா. நீங்களே சொல்லுங்க. இது உங்க யோசனையா?”

‘எனக்கு ஒண்ணும் தெரியாது.’ அந்த வார்த்தை அத்தையின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. தம்பி அத்தனை தடவை சொல்லிக்கொடுத்த வார்த்தை. அவள் வக்கீலைப் பார்த்தாள். அந்தப் பெண் நகத்தைக் கடிக்கவில்லை. கை ரெண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

அடப் போடா தம்பி, என்று அத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“யோசனை எல்லாம் இல்ல சார். அடுப்புல பால் வெச்சிருந்தேன்.”

துறைத் தலைவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “என்னது?”

“பால் சார். எங்க வீட்ல இவ பாடத்தை எல்லாரும் சேர்ந்துதான் படிப்போம். சாப்பிட்ட மேஜையைத் துடைச்சுட்டு உட்கார்ந்தா, ஆளுக்கு ஒரு வேஷம். என் தம்பி எஞ்சினீயர். என் தம்பி பொண்டாட்டி எஞ்சினீயர் பொண்டாட்டி. இவ மீதி எல்லாரும். நான் அன்னிக்கு க்ளினிக்லேருந்து லேட்டா வந்தேன். நல்ல வேஷமெல்லாம் போயிடுச்சு. வேலைக்காரியைத் தூக்கி என் தலையில கட்டிட்டாங்க. மூணு வரி! எனக்கு எவ்வளவு எரிச்சலா வந்திருக்கும்னு பாருங்க.”

மிஸ் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க வீட்ல ஒரு சட்டம் இருக்கு சார். கதையில யார் அறைக்குள்ள இருக்காங்களோ, அவங்க மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ‘வெளியே போகிறாள்’னு புத்தகத்துல போட்டாத்தான் எழுந்திருக்கலாம். என் தம்பிக்காகப் போட்ட சட்டம் அது. படிக்கிறேன் படிக்கிறேன்னு சொல்லிட்டு, நழுவி டீவி முன்னாடி போய் உட்கார்ந்துடுவான்.”

“சரி…”

“நான் என் மூணு வரியையும் படிச்சு முடிச்சேன். ‘விளக்கு இதோம்மா.’ ‘மழை வரும்போல இருக்கு.’ ‘ஜன்னலைச் சாத்தவா?’ அவ்வளவுதான். எஞ்சினீயர் பேச ஆரம்பிச்சுட்டாரு. என் தம்பிக்கு மைக் கிடைச்ச மாதிரி. நிறுத்தவே மாட்டேங்கறான். எனக்கோ அடுப்புல பால். ‘அடியே, நான் எப்ப வெளியே போறது?’ன்னு இவளைக் கேட்டேன். இவ புத்தகத்தைப் புரட்டுறா. ‘இருங்க அத்தை’ங்கறா. முன்னாடி போறா, பின்னாடி போறா. பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. நான் எழுந்திருக்கவே இல்ல. சட்டம்னா சட்டம்தானே சார்?”

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

“நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதுவும் பாலுக்காகக் கேட்டது. அடுப்பைத் துடைச்சுட்டு நான் தூங்கப் போயிட்டேன். இவதான் அதைப் பிடிச்சுக்கிட்டு வாரக்கணக்கா அலைஞ்சா. குளிக்கும்போது அதே பேச்சு, பஸ்ல அதே பேச்சு. ‘அத்தை, நாய்க்குக்கூட வெளியே போற வரி இருக்கு அத்தை, வேலைக்காரிக்கு மட்டும் இல்ல!’ன்னு என்னை உலுக்கி எழுப்புறா. கேள்வி என்னோடது, ஒத்துக்கறேன். பதில் பூரா அவளோடது. இதுக்குப் பேரு காப்பின்னா, என்னையும் சேர்த்துத் தண்டிச்சுக்குங்க.”

துறைத் தலைவர் வக்கீலின் பக்கம் திரும்பினார்.

“நாயா?”

“முதல் அங்கத்துல சார்.” வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செருமினாள். “தோட்டக்காரனோட நாய் உள்ளே வரும். ‘நாய் போகிறது’ன்னு தனியா ஒரு குறிப்பு இருக்கு. நாய் போனதைக்கூட எழுதினவரு, ஒரு மனுஷி போனதை எழுத மறப்பாரா? மறக்கலை. அவ போகலை. ஜன்னல் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருக்கா. அவங்க ரெண்டு பேருக்கும் அவ கண்ணுக்கே தெரியலை. அதான் அவங்க அவ்வளவு தைரியமாப் பேசுறாங்க.”

கடைசி வரி அத்தைக்குச் சுருக்கென்றது. கட்டுரையில் அது இருப்பது அவளுக்குத் தெரியாது. பைக்குள் ஃபோன் மறுபடி நடுங்கியது. அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“புத்திசாலித்தனமா இருக்கு,” என்றார் துறைத் தலைவர். “ஆனா ஒரே ஒரு இடம்மா. ஒரு வரி விட்டுப்போறது யாருக்கும் நடக்கும். இன்னொரு இடத்துல ஆதாரம் இருந்தா ஒத்துக்கலாம். மூணாவது அங்கத்துல அவ கதவைத் திறக்கறதைத் தவிர ஒண்ணுமே இல்லையே.”

வக்கீல் மேஜையில் கிடந்த நாடகத்தை எடுத்து மூன்றாவது அங்கத்தைப் புரட்டினாள். அந்த ஒரு வரிக்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. இப்படியே விட்டால் முடிந்தது கதை.

“சார், படிச்சுப் பார்க்கலாமா?” என்றாள் அத்தை.

“நான் எத்தனையோ தடவை படிச்சாச்சு.”

“நீங்க தனியாப் படிச்சிருப்பீங்க. எங்க வீட்டுச் சட்டப்படி படிச்சதில்லையே? ஆளுக்கு ஒரு வேஷம். உள்ளே இருக்கறவங்க எழுந்திருக்கக் கூடாது. மிஸ், நீங்க பொண்டாட்டி. வக்கீல், நீ எஞ்சினீயர். சார் ஊர் ஜனம். நான் என் வேஷத்தை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

பல்லைப் பிடுங்க வந்து பயந்து நிற்கிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்தே பழகிய குரல் அது. துறைத் தலைவர் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் கையில் புத்தகத்தோடு கதவுக்கு வெளியே நின்றார். ஊர் ஜனம் வெளியேதானே இருக்க வேண்டும்?

மூன்றாவது அங்கம். காலை நேரம். எஞ்சினீயரும் பொண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில். மிஸ் நடுங்கின குரலில் ஆரம்பித்து நாலு வரியில் சூடுபிடித்தாள். வக்கீல், அப்பாவைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எஞ்சினீயராக உறுமினாள். அத்தைக்கு ஒரு வரியும் கிடையாது. கதவைத் திறக்க வேண்டியவள் என்பதால் கதவருகில் போய் நின்றாள்.

கதவு லேசாகத் திறந்திருந்தது. வெளியே துறைத் தலைவர் தன்னுடைய இடம் வரக் காத்திருந்தார். வந்தது. கையை மடக்கி ஓங்கினார், தட்டுவதற்காக.

கை அந்தரத்திலேயே நின்றது.

புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளி, மறுபடி பார்த்தார்.

“தட்டலை,” என்றார்.

“என்ன சார்?” என்றாள் மிஸ்.

“ஊர் ஜனம் கதவைத் தட்டவே இல்லை! ‘வேலைக்காரி கதவைத் திறக்கிறாள். ஊரார் உள்ளே வருகிறார்கள்.’ அவ்வளவுதான் போட்டிருக்கு. தட்டுற சத்தம் இல்லை!” அவர் உள்ளே வந்து, நின்றபடியே முதல் அங்கத்துக்குப் புரட்டினார். “தபால்காரன் வர்றப்ப… ‘கதவு தட்டும் சத்தம்.’ டாக்டர் வர்றப்ப… ‘கதவு தட்டும் சத்தம்.’ மாமனார் வர்றப்ப… இருக்கு, இதோ இருக்கு! ஒவ்வொரு தடவையும் போட்டிருக்காரு. இங்க மட்டும் இல்லை. அப்படின்னா…”

“அவங்க வருவாங்கன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள் வக்கீல். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள், சட்டத்தை மறந்து. “சார்! அவ கதவு பக்கத்துல காத்துக்கிட்டு நின்னிருக்கா!”

“காத்துக்கிட்டு நின்னிருக்கா!” துறைத் தலைவர் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கெட்டில் ஆடியது. “இருபது வருஷம்! இருபது வருஷமா நானே அந்தக் கதவைத் தட்டிக்கிட்டிருந்திருக்கேன். புத்தகத்துல இல்லாத தட்டு! ஐயோ, ஐயோ!”

வாயெல்லாம் பல். சீட்டாட்டத்தில் ஜெயித்த பையன் மாதிரி ஆகிவிட்டார் மனுஷர். மிஸ் வெளிப்படையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய மார்க்கும் பிழைத்தது அல்லவா?

“உட்காரும்மா வக்கீல்,” என்றார். அந்தப் பெயர் அவருக்கும் தொற்றிக்கொண்டது. “கட்டுரை உன்னுதுதான். நான் சந்தேகப்பட்டது தப்பு. மிஸ் குடுத்த மார்க் அப்படியே நிக்கும், நான் கையெழுத்துப் போடறேன். ஆனா ஒரு குறை இருக்கு.”

அத்தைக்கு மறுபடி பகீரென்றது.

“அடிக்குறிப்பு இல்லை. ஒரு கேள்வி வேற ஒருத்தர்கிட்டேருந்து வந்தா, அவங்களைச் சொல்லணும். அதுக்குப் பேரு காப்பி இல்லை, நாணயம். முதல் பக்கத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்துடு. ‘இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் அத்தை.’ அப்புறம்…” கொஞ்சம் வெட்கப்பட்டார். “அந்தக் கதவு விஷயத்தையும் சேர்க்கறதா இருந்தா, அது யாரு கண்டுபிடிச்சதுன்னு…”

“உங்களுக்கும் ஒரு அடிக்குறிப்பு போட்டுடறேன் சார்,” என்றாள் வக்கீல், பெரிய மனசோடு.

*

படியிறங்கி வந்தால், கீழே லிஃப்ட் கதவுக்கு முன்னால் தம்பி. காதை இரும்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

“நீ எங்கடா இங்க?”

“இந்த லிஃப்ட்ல சத்தம் சரியில்லன்னு… சும்மா இந்தப் பக்கம் வந்தேன்…” அவன் லிஃப்டைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தான். “என்னாச்சு?”

“உளறிட்டேன்டா,” என்றாள் அத்தை.

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. “சொன்னேன்ல அக்கா… தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல…”

“எல்லாத்தையும் உளறிட்டேன். பால் பொங்கினதுலேருந்து, நீ டீவி பார்க்க நழுவுறது வரைக்கும்.”

“ஐயோ, அதையுமா?”

“மார்க் அப்படியே நிக்குதுப்பா!” என்று வக்கீல் கத்தினாள். வராந்தாவில் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. “அவரே ஒத்துக்கிட்டாரு! கதவைத் தட்டவே இல்லப்பா!”

யார், எந்தக் கதவு என்று தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. மார்க் நிற்கிறது என்பது மட்டும் புரிந்தது. கருவிப் பையைக் கீழே போட்டுவிட்டு, பதினேழு வயசுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு நடுவில் அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “அப்பா, மானம் போகுது, எறக்கி விடுங்க!” என்று அவள் அலறினாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நடந்தது முழுவதையும் வக்கீல் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது பள்ளி கேட்டைத் தாண்டியிருந்தார்கள்.

“கணக்குப் பதிவியல்?” என்று அத்தை கேட்டாள்.

“அது கெடக்கு குப்பை,” என்றான் தம்பி. கொஞ்ச தூரம் போய், “அடுத்த நாடகத்துல எனக்கு என்ன வேஷம்?” என்று கேட்டான்.

“இந்தத் தடவை நீதான் வேலைக்காரி.”

சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். ஜாமீன் நின்ற பாரம் தோளைவிட்டு இறங்கிவிட்டது. பிறகு வக்கீல், தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்.

“ஆனா அத்தை, அவமேல எனக்கு ஒரு கோவம் இருக்கு. ஊர்கிட்டப் போய்ச் சொன்னது சரிதான். ‘நான்தான் சொன்னேன்’னு எஞ்சினீயர் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கணும். வாயை மூடிக்கிட்டு, பாவம் அந்தப் பொண்டாட்டியை மாட்ட விட்டுட்டா. கட்டுரையை அப்படித்தான் முடிச்சிருக்கேன்.”

அத்தையின் நடை மெதுவானது.

பைக்குள் ஃபோன் மறுபடி நடுங்கியது. இந்தத் தடவை அவள் அதைக் கவிழ்த்து வைக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்தாள்.

“எத்தனை தடவை கூப்பிடறது?” டாக்டரின் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. தாழ்த்திப் பேசினார். “ஒண்ணு கேக்கணும். நேத்து சாயங்காலம் நானும் மச்சானும் பேசிக்கிட்டிருந்தப்ப… நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்கதானே? ரூம்ல இல்லையே?”

தம்பியும் வக்கீலும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் ஒரு பஸ் போனது. அது போய் முடிகிற வரைக்கும் அத்தை காத்திருந்தாள், தான் சொல்லப்போவது அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக.

“இருந்தேன் டாக்டர்,” என்றாள். “நான் வெளியே போகவே இல்லை.”